இன்னொரு தடவை சொல்லுங்க

எனக்குத் தெரிந்து, புரியாத ஒன்றுக்குத் தலையாட்டாத மனுஷி அவர் ஒருவர்தான்.

நான் தலையாட்டுகிறவள். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். எதையும் எண் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஆனால் எதிரில் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் என் கழுத்து தானாக ஆடும். இப்போது தஞ்சாவூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் பேசி முடித்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பார். மேசையைச் சுற்றி ஒன்பது தலைகள் ஆடும். ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில் எனக்கு அந்த மனுஷியின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அக்கா என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் ஃபோன் செய்து, "யாருக்காக எழுதுன, எதுக்கு எழுதுன, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்பார்.

முதலில் பார்த்தது தஞ்சாவூரில்தான். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடையின் மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடந்தது. யூரியா வாசனையோடு எழுத்துப் படித்தோம். இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் என்னைப் போல தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் அங்கே முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு. அக்கா இரண்டாவது வகை. கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு உதவியாளராக இருந்தவர். வயது முப்பத்தொன்று. எங்கள் எல்லோரையும்விடப் பெரியவர்.

முதல் வாரத்திலேயே அவரைப் பற்றி மூன்று விஷயங்கள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டன. ஊர் திருப்பனந்தாள் பக்கம். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையை ஜப்பானுக்கு அழைத்துக்கொள்ளத்தான் போகிறார். கணவரைப் பற்றி அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மூன்றாவது விஷயம் அவ்வளவு எளிதில்லை. எங்களுக்குக் கிடைப்பது ஐந்து வருட அனுமதி. குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பராமரிப்பு வேலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. மூன்று வருட வேலை முடித்து, அந்த நாட்டுக்காரர்களே எழுதுகிற தேசியத் தேர்வை அவர்கள் மொழியிலேயே எழுதித் தேறினால், எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம். பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் இதை முதல் நாள் ஒரு தடவை சொன்னார். அக்கா நான்கு தடவை சொல்ல வைத்தார். பிறகு கரும்பலகையில் எழுதச் சொல்லி, அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆசிரியர் எங்கள் பக்கத்துக்காரர்தான், ஒசாகாவில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு பாடம் முடிந்ததும், "புரிஞ்சுதா?" என்பார். "ஹை!" என்று வகுப்பே கத்தும். ஆமாம் என்று அர்த்தம்.

"எனக்குப் புரியல சார்."

தினமும் இதே குரல்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் முனகுவான்.

"அக்கா, கீழ டீ ஆறுதுக்கா."

"டீயை இன்னொரு தடவை சுட வெச்சுக்கலாம் தம்பி. ஏர்போர்ட்ல போய் எறங்குன பின்னாடி சார் வந்து இன்னொரு தடவை சொல்லுவாரா?"

'இன்னொரு தடவை' என்பதற்கு ஜப்பானிய மொழியில் 'மோ இச்சிதோ'. வகுப்பில் அவர் முதலில் சரளமாகச் சொன்ன சொல் அதுதான். பத்து நாளில் அவருக்குப் பெயரும் அதுவே ஆனது. மோ இச்சிதோ அக்கா.

வழக்கமான மொழித் தேர்வில் அவர் இரண்டு முறை தோற்றார். காரணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அதில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று உண்டு. ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். நான் முதல் முறையே தேறிவிட்டேன், பாதியை ஊகித்தேன். அக்கா ஊகிக்கவில்லை. புரியாத கேள்விகளுக்கு விடை எழுதாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நாலு விடையில ஏதாவது ஒண்ணைக் குறிச்சிருக்கலாமேக்கா?"

"புரியாம எப்படிக் குறிக்கிறது? அங்க ஒரு பெரியவர் எங்க வலிக்குதுன்னு சொல்லுவாரு. நாலுல ஒண்ணுன்னு நான் ஒரு பக்கம் தைலம் தடவவா?"

நல்லவேளையாக, கணினியில் எழுதும் வேறொரு தேர்வும் அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது. அதில் ஒலியை இரண்டாம் தடவை கேட்கலாம். அதில் தேறினார். நாங்கள் இருவரும் ஒரே வருடம் கிளம்பினோம். போய்ச் சேர்ந்த இடங்கள் ஒரே ரயில் பாதையில் மூன்று நிலைய தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

அவரோடு கடைக்குப் போவது எனக்குத் தண்டனையாக இருந்தது. ரொட்டியில் மாட்டுக்கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் கேட்பார். அந்தப் பெண் பணிவாக ஏதோ சொல்வாள். "மோ இச்சிதோ." மறுபடி சொல்வாள். "மோ இச்சிதோ." பின்னால் ஆறு பேர் கூடையோடு அமைதியாக நிற்பார்கள். அந்த ஊரில் யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள், அதுதான் இன்னும் கஷ்டம். நான் நகர்ந்து போய் முட்டை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் நின்று, தேதிகளைப் படிப்பதுபோல நடிப்பேன். ஒருநாள் அந்தப் பெண் உள்ளே போய், பூதக்கண்ணாடி எடுத்து வந்து, பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினாள். நாலாவது மாதத்தில் அக்காவைப் பார்த்ததும் அவளே எது ஆகும், எது ஆகாது என்று எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் அதே கடையில் ஐந்து வருடம் தனியாக ரொட்டி வாங்கியிருக்கிறேன். என் முகம் அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. வண்டிகளுக்குப் போகும் சின்னச் சின்ன பாகங்களை அளந்து, சரி, சரியில்லை என்று பிரிக்க வேண்டும். ஒருநாள் காலை மேற்பார்வையாளர் வந்து, வேகமாக, பாதிச் சொற்களை மென்றபடி என்னவோ சொன்னார். ஒரு வரைபடத்தைக் காட்டினார். நான் "ஹை" என்றேன். அவர் "புரிந்ததா?" என்று வேறு கேட்டார். அதற்கும் ஹை. அன்று முதல் அளவு மாறுகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் இரண்டு நாள் பழைய அளவிலேயே பார்த்து அனுப்பினேன். மூன்றாம் நாள் தட்டுத் தட்டாக எல்லாம் என் மேசைக்கே திரும்பி வந்தன. அவர் கோபப்படவில்லை. மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன் கேட்கவில்லை?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம் இதைச் சொன்னேன். எங்கள் அரசலாறு அகலம் இருக்கும் ஒரு ஆறு. எப்போதும் தண்ணீர் ஓடும் என்பதுதான் வித்தியாசம். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"சரிங்கன்னு சொல்லிட்டியாக்கும் இன்ஜினியரு?"

"சொல்லிட்டேன்."

"ஏன் கேக்கலன்னு கேட்டாராக்கும்?"

"ஆமா."

"அதைத்தான் கேப்பாங்க."

பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

அம்மா நடவு ஆட்களுக்குத் தலைமை. பதினாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நட்டுக் கொடுப்பவர். அக்காவுக்குப் பத்து வயது இருக்கும்போது, ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்த ஒரு வருடம். வயல்காரர் மேட்டு வயலுக்குக் குறைந்த நாள் நெல், பள்ளத்து வயலுக்கு ஐந்து மாத நெல் என்று இரண்டு நாற்றங்கால் விட்டிருந்தார். இரண்டும் தெற்குப் பக்கம், அடுத்தடுத்து. நடவு அன்று மோட்டார் சைக்கிளில் வந்தார். இன்ஜினை நிறுத்தாமல் வரப்போரம் நின்றபடியே, "தெக்கால கெடக்குற நாத்தைப் பறிச்சுப் பள்ளத்து வயல்ல போட்டுடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"நான் வரப்புல தூக்குவாளியோட நிக்கிறேன். அம்மா மொகத்தைப் பாத்தேன். எந்த நாத்துன்னு அம்மாவுக்குப் புரியல. புரியலங்கிறது எனக்கே புரிஞ்சுது. ஆனா அம்மா 'சரிங்க'ன்னு சொல்லிடுச்சு."

"ஏன்க்கா?"

"வரப்புல நிக்கிறவங்ககிட்ட சேத்துல நிக்கிறவங்க திருப்பிக் கேக்கலாமா? எதுத்துப் பேசுறான்னு ஆயிடாதா?"

பள்ளத்து வயலில் குறைந்த நாள் நெல் நடப்பட்டுவிட்டது. ஐப்பசி அடைமழையில் அது முற்றி நின்றது. அப்படியே சாய்ந்து, தண்ணீருக்குள் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. வயல்காரர் வந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டார். தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே? அதற்கும் அம்மா சரிங்க என்றுதான் சொன்னாராம். அடுத்த வருடம் அந்த வயலுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். பிறகு பக்கத்து வயல்களுக்கும்.

"அன்னிலேர்ந்து எனக்கு வாயில அந்த வார்த்தை வர மாட்டேங்குது" என்றார்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். அப்பா சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம் என்று சாகுபடி செய்பவர். இது அக்காவுக்குத் தெரியும்.

"உங்க பக்கம்லாம் எங்கம்மா வேன்ல நடவுக்கு வந்திருக்கு" என்றார் சாதாரணமாக. பிறகு, "உங்கப்பா பேசும்போது வண்டிய ஆஃப் பண்ணுவாரா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். அடுத்த நாள் அப்பாவுக்கு ஃபோன் செய்து அதையே கேட்டேன்.

"பெட்ரோல் விக்கிற வெலைக்கு ஆஃப் பண்ணாமயா நிப்பேன்?" என்றார் அப்பா.

"எங்க பண்றாரு? வண்டியும் நிக்காது, வாயும் நிக்காது" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

இதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். இல்லை என்பதற்கு அடுத்து நடந்தது சாட்சி.

மூன்றாவது வருடம். தேசியத் தேர்வு எழுத வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்புக்கு அக்கா வேலை செய்யும் இல்லம்தான் விடுப்பு கொடுத்து அனுப்ப வேண்டும். இது பற்றிப் பேச, அக்கா வேலை பார்க்கும் மாடிக்குப் பொறுப்பாளர் கூப்பிட்டிருந்தார். அக்கா என்னையும் வரச் சொன்னார்.

"உங்களுக்கே நல்லாப் புரியுமேக்கா."

"புரியும். ஆனா ஒரு சொல்லு விட்டுப்போச்சுன்னா என் பொண்ணு விட்டுப்போயிடுவா. நீ வா."

பொறுப்பாளர் அறுபதை நெருங்கும் ஒல்லியான அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மூன்று காகிதக் குவளைகளில் டீ ஊற்றி வைத்துவிட்டு, மிகவும் பணிவான மொழியில் பேசினார். நான் வழக்கம்போல எண் போட்டுக் குறித்துக்கொண்டேன். ஒன்று, உழைப்பாளி. இரண்டு, அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு இவரை மிகவும் பிடிக்கும். மூன்று, ஷிஃப்ட் மாறும்போது சொல்லப்படும் எந்தத் தகவலையும் மூன்று தடவை கேட்கிறார். நான்கு, இரண்டு பேர் இது குறித்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து, மொழி இந்த நிலையில் இருக்கும் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புவது கடினம்; ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

"உங்க வேலை ரொம்பப் பிடிச்சிருக்காம். கேள்வி கேக்குறதை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்றாங்க. படிப்பு பத்தி அப்புறம் பேசலாம்னு நினைக்கிறாங்க."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்க ஏழு நிமிஷம் பேசுனாங்க. நீ ரெண்டு வரி சொல்ற. மிச்சம் எங்க?"

"இல்லக்கா, மொத்தத்துல..."

"வரப்புல நின்னு பேசாத. எறங்கி வந்து சொல்லு."

எனக்குக் காது சூடானது. நோட்டை அவர் பார்க்கும்படி மேசையில் வைத்து, ஒன்று முதல் ஐந்து வரை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "இப்பப் புரிஞ்சுது" என்றார். பிறகு என்னை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு அவரே பேசினார்.

அவருடைய ஜப்பானிய மொழி என்னுடையதைப் போல அழகாக இருக்காது. துண்டு துண்டாக வரும். ஒரு காகிதக் குவளையை மேசையில் வைத்து, இது சீக்கிரம் விளையும் நாற்று என்றார். பக்கத்தில் இன்னொன்றை வைத்து, இது தாமதமாக விளையும் நாற்று. என் நோட்டுப் புத்தகம் பள்ளத்து வயல். சீக்கிரம் விளையும் நாற்றைத் தன் விரல்களால் அதன்மேல் வரிசை வரிசையாக நட்டுக் காட்டினார். மழை வந்தது. நெல் படுத்தது. படுத்த இடத்திலேயே முளைத்தது. "என் அம்மா, ஹை சொன்னார். ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. அதனால் நான் மூன்று தடவை."

பொறுப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குவளைகளைப் பார்த்தார். பிறகு, "கதிரிலேயேவா முளைத்தது?" என்று கேட்டார். அவருடைய அப்பா நெல் விவசாயி. ஒரு வருடம் சாதாரண நெல் வயலில், வேகவைத்தால் பசைபோல ஒட்டுகிற ஒட்டரிசி நாற்றைத் தெரியாமல் நட்டுவிட்டாராம். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் மூன்று வேளையும் ஒட்டரிசிப் பலகாரம்தான், பல்லே வலித்துவிட்டது என்றார். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் சொன்னார். இவர் மூன்றாவது தடவை கேட்கும்போதுதான், சொல்கிறவர் அறை எண்ணைத் தப்பாகச் சொல்லியிருப்பது தெரியவருகிறது; அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது, புகாரில் அது இல்லை.

அதற்காக அவர் உருகிவிடவில்லை. இந்த வருடம் பயிற்சிக்கு அனுப்ப முடியாது, அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று தெளிவாகச் சொன்னார். ஒப்பந்தம் தொடரும். அடுத்த வருடம் அனுப்புவார். அதுவரை சந்தேகம் எதுவானாலும் மற்றவர்களை விட்டுவிட்டுத் தன்னிடமே வந்து கேட்க வேண்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

"மோ இச்சிதோ" என்றார் அக்கா.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். முதலிலிருந்து சொன்னார். அக்கா அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தார். தேதி போடச் சொன்னார். போட்டார்.

வெளியே வந்து ரயில் நிலையம் வரை நடந்தோம். திட்டுவார் என்று காத்துக்கொண்டே வந்தேன். டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்று, "அந்த அஞ்சாவது மட்டும் இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "ம்" என்று உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் கணக்கு எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று வருடம் முடிந்து, ஐந்துக்குள், வருடத்துக்கு ஒன்றாக எழுதக் கிடைத்தது இரண்டு வாய்ப்பு. அதில் ஒன்று அன்றே போய்விட்டது.

மிஞ்சிய ஒன்றுக்காக ஒரு வருடத்துக்கும் மேல் ஞாயிற்றுக்கிழமைகளை நூலகத்தில் கழித்தோம். நான் ஆயிரத்து இருநூறு சொற்களுக்குப் பட்டியல் தயாரித்தேன். எழுத்து, உச்சரிப்பு, பொருள், எந்தப் பாடத்தில் வருகிறது என்று நான்கு பத்திகள். அக்கா அதைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினார். முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு என்று என் உடம்பில் ஒட்டிப் படித்தார். நூலகத்தில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துப் பயந்து அழுதது. அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு என்னிடம் விடை இருக்காது. மொழித் தேர்வில் உயர்ந்த நிலை வரை எழுதி முடித்தவள் நான். எவ்வளவு விஷயங்களைப் புரியாமலே மனப்பாடம் செய்து தேறியிருக்கிறேன் என்று அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் நானும் மெல்ல, கழுத்து ஆடத் தொடங்கும்போதே பிடித்து நிறுத்தி, "மோ இச்சிதோ" என்று சொல்லப் பழகினேன். முதல் தடவை சொன்னபோது மேற்பார்வையாளர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஜனவரியில் அக்கா தேர்வு எழுதினார். எப்படி எழுதினீர்கள் என்றதற்கு, "புரிஞ்சதை எழுதுனேன். புரியாததையும் இந்தத் தடவை குறிச்சேன். அவளுக்காக" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது.

மார்ச் தொடக்கத்தில் என் அனுமதி முடிந்து நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அவருக்கு இன்னும் ஆறு வாரம் மிச்சம். முடிவு வெளியாகும் நாளன்று தங்கள் வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னார்.

"எனக்கு வேலை இருக்கும், ஃபோனைப் பெட்டியில பூட்டிட்டுத்தான் உள்ள போகணும். இருந்தாலும் நான் பாக்க மாட்டேன். என் கண்ணு இருக்குறதை இல்லைன்னும், இல்லாததை இருக்குன்னும் சொல்லும். நீ பாரு. ரெண்டுல எதுவா இருந்தாலும் அம்மா தனியா இருக்கும்போது தெரிய வேண்டாம்."

ஸ்கூட்டரில் கும்பகோணம் வழியாகப் போனேன். வயலெல்லாம் அறுவடை முடிந்து உளுந்து நின்றது. வீட்டுக்கு முன்னால் அக்காவின் அம்மா பறித்த உளுந்துச் செடியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம். என்னைப் பார்த்ததும் செடிக்கட்டைக் கையில் பிடித்தபடியே வந்தார். நான் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"வாங்க பாப்பா. வெயில்ல வந்திருக்கீங்களே" என்றார். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நாற்காலி போட்டார். நான் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. பத்தரை மணிக்கு முடிவு வரும் என்றேன். சரிங்க என்றார். தேறவில்லையென்றால் அக்கா அடுத்த மாதமே திரும்பி வந்துவிடுவார் என்றேன். அதற்கும் சரிங்க.

பத்தரைக்குப் பக்கம் திறக்கவில்லை. பத்து முப்பத்தெட்டுக்குத் திறந்தது. எண்கள் மட்டும், வரிசை வரிசையாக. அக்காவின் எண்ணை நான் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் போனேன். இருந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். அப்போதும் இருந்தது.

ஃபோன் ஒலித்தது. பெட்டியில் இருக்க வேண்டிய ஃபோனிலிருந்துதான்.

"சொல்லு."

"இருக்குக்கா."

"நம்பரைப் படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை."

படித்தேன்.

"கடைசி மூணு மட்டும் தனியா."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் பின்னால் யாரோ ஒரு முதியவர் அவரைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"சரி" என்றார் அக்கா.

ஆறேழு வருடப் பழக்கத்தில் அந்தச் சொல்லை அவர் தன் பதிலாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. யாரோ கூப்பிடுகிறாரே, போக வேண்டுமல்லவா.

நான் நிமிர்ந்தேன். அவருடைய அம்மா இன்னும் அதே இடத்தில், செடிக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"பாஸ் ஆயிட்டாங்கம்மா. இனிமே அவங்க அங்கேயே இருக்கலாம். பேத்தியையும் அழைச்சுக்கலாம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் எழுதிப் போடணும், பொறப்புச் சான்றிதழ் எடுத்து வைங்க."

"சரிங்க" என்றார்.

திரும்பி இரண்டடி நடந்தார். நின்றார். செடிக்கட்டை மெதுவாகக் கீழே வைத்தார். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"எனக்குச் சரியா வெளங்கல பாப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க."

நான் முதலிலிருந்து சொன்னேன்.